சாராயத்தின் வேதியியலை ஊருக்குச் சொல்லுங்கள்

நாட்டில் சட்டம் போட்டு மதுவை விலக்கிய முதல் மாவட்டம் சேலம். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி தன் சொந்த மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கினார். தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1965-ல்தான். ஆகவே அன்று கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் பூட்டு விழுந்த ஊர்களின் வரிசையில் இன்றைய தருமபுரி மாவட்டத்து மொரப்பூரும் அரூரும் கம்பைநல்லூரும் இருந்தன. கடைகள் மூடியதால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி கொண்டுவந்த விற்பனை வரி இன்றுவரை வேறு வேறு பெயர்களில் தொடர்கிறது. மதுவிலக்கு அப்படித் தொடரவில்லை. போர்க்காலத்தில் ஆங்கிலேயர் அதைக் கைவிட்டார்கள். 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மாகாணம் முழுவதற்கும் திரும்பக் கொண்டுவந்தார். 1971-ல் கருணாநிதி ஒத்திவைத்தார், சில ஆண்டுகளில் அவரே மீண்டும் அமல்படுத்தினார். 1981-ல் எம்.ஜி.ஆர். தளர்த்தினார், 1983-ல் மது மொத்த விற்பனைக்கான அரசு நிறுவனமாக டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது.

மூடுவதும் திறப்பதுமாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இத்தனை காலத்தில் மேடைகளில் ஒழுக்கம் பேசினோம், சட்டமன்றத்தில் வருவாய் பேசினோம், தேர்தல் நேரத்தில் தாய்மார்களின் கண்ணீரைப் பேசினோம். குடிக்கிற திரவம் எதனால் ஆனது, உடம்புக்குள் போனதும் என்னவாக மாறுகிறது, எத்தனை மணி நேரத்துக்குள் ஆளைக் காப்பாற்றலாம் என்பதை மட்டும் குடிக்கிறவருக்கும் அவர் வீட்டாருக்கும் யாரும் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச்சாராயத்தால் விழுந்த பிணங்களில் ஒரு பகுதி அந்த அறியாமையால் விழுந்தது என்பதே என் உறுதியான எண்ணம்.

பாடம் இல்லாமல் இல்லை. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ என்ற பாடத்தில் எத்தனால் வருகிறது. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து அதைத் தயாரிக்கும் முறையும் வருகிறது. மொரப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதித் தேறுகிறார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் அரூர் சாலையில் கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு ஆலைக்குப் போவதை அன்றாடம் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். அந்தப் பாடத்துக்கும், வீட்டுத் திண்ணையில் படுத்துக்கிடக்கும் அப்பாவுக்கும் உள்ள தொடர்பைத்தான் எந்த வகுப்பிலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆல்கஹால் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சங்கிலியில், ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் கைகோத்த ஒரு முனை ஒட்டிக்கொண்டால் அது ஆல்கஹால். ஒரு கார்பன் உள்ளது மெத்தனால். இரண்டு கார்பன் உள்ளது எத்தனால். மூன்று கார்பன் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கொரோனா நாட்களில் சானிடைசராக நம் உள்ளங்கைக்கு வந்தது. இருமல் மருந்தை இனிப்பாகவும் கெட்டியாகவும் ஆக்கும் கிளிசரினும் இதே குடும்பம்தான். தண்ணீரோடு இவை எளிதில் கலப்பதற்குக் காரணம் அந்த ஆக்சிஜன் முனை. தண்ணீரில் கரைகிற எதுவும் ரத்தத்தில் கரையும். அதனால்தான் குடித்தது சில நிமிடங்களில் இரைப்பையிலும் சிறுகுடலிலும் இருந்து கிளம்பி மூளைவரை போய்விடுகிறது.

மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான். இரண்டும் நிறமற்றவை, இரண்டும் தண்ணீர்போல் ஓடுகிறவை, வாசனையும் ஏறக்குறைய ஒன்று. மெத்தனால் 65 டிகிரி செல்சியஸ் அருகே கொதிக்கும், எத்தனால் 78-ல் கொதிக்கும். இந்த வித்தியாசத்தை ஆய்வகத்தில் அளக்கலாம், தொண்டையால் அளக்க முடியாது. தீக்குச்சி கிழித்துப் பார்த்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்று சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மெத்தனாலும் வெளிறிய நீலத்தில்தான் எரியும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, முதலில் ஒருவர் குடித்துக் காட்டுவது என்று ஊரில் இருக்கும் எந்தச் சோதனையும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். ‘ஊறல் பதம் தப்பிவிட்டது, காய்ச்சும்போது விஷமாகிவிட்டது’ என்று ஒவ்வொரு சாராயச் சாவின்போதும் சொல்கிறார்கள். ஊறலில் நடப்பது இது: வெல்லமும் தண்ணீரும் வேலம்பட்டையும் பானையிலோ பேரலிலோ கிடக்கின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டைஆக்சைடையும் வெளியே தள்ளுகிறது. ஊறல் நுரைத்துப் பொங்குவது அந்த வாயுவால்தான். 180 கிராம் குளுகோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனால் கிடைக்கும், மீதி 88 கிராம் வாயுவாகப் போய்விடும். எத்தனால் 15 சதவீதத்தை நெருங்கும்போது, தான் உண்டாக்கிய பொருளிலேயே ஈஸ்ட் செத்துவிடுகிறது. அதற்கு மேல் வீரியம் வேண்டுமானால் காய்ச்சி வடிக்க வேண்டும். எவ்வளவு நுட்பமாக வடித்தாலும் 95.6 சதவீதத்துக்கு மேல் சாதாரண முறையில் ஏறாது, மிச்சத் தண்ணீர் எத்தனாலை விட்டுப் பிரியாது. ஆலைகளில் இருந்து வரும் எரிசாராயம் அந்த எல்லையை ஒட்டியது.

இந்தப் பாதையில் மெத்தனால் எங்கே வருகிறது? பழத்தோல், பழச்சதையில் உள்ள பெக்டின் சிதையும்போது கொஞ்சம் வரும். வெல்லத்திலோ பனங்கள்ளிலோ ஆளைக் கொல்லும் அளவுக்கு அது சேராது. காய்ச்சிய சாராயம் நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எதைப் போட்டார்கள், எந்தப் பாத்திரத்தில் வடித்தார்கள், எவ்வளவு வீரியம் என்பது எதுவும் தெரியாத திரவம் அது. ஆனால் ஒரே இரவில் ஒரு தெருவையே சாய்ப்பது காய்ச்சிய சாராயம் அல்ல, தொழிற்சாலையில் பிறந்த மெத்தனால். இன்றைய மெத்தனால் இயற்கை எரிவாயு, நிலக்கரி போன்றவற்றிலிருந்து தயாராகி வார்னிஷ், பெயின்ட், பசை, மருந்து ஆலைகளுக்குக் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் போகிறது. வழியில் எங்கோ சில பேரல்கள் தடம் மாறுகின்றன. தண்ணீர் கலந்து பாக்கெட் போட்டுவிட்டால் காய்ச்சும் வேலையே இல்லை. புகை இல்லை, ஊறல் இல்லை, மலையேறி அழிக்கப் போலீசுக்கும் எதுவும் இல்லை.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, குடித்தது சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு கருணாபுரத்தில் 65-க்கும் மேற்பட்டவர்கள். அங்கும் மெத்தனால்தான். 2008 மே மாதத்தில் பெங்களூரு, கோலார், நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று எல்லையின் இரு புறமும் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அதே பொருள்தான். கிருஷ்ணகிரி அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை தருமபுரி மாவட்டம். கிழக்கே அரூரைத் தாண்டினால் சித்தேரி மலை, அதற்கு அப்பால் கல்வராயன் மலை, அதன் அடிவாரம் கள்ளக்குறிச்சி. மொரப்பூரில் உட்கார்ந்துகொண்டு இவற்றை வேற்றூர்ச் செய்தி என்று படிக்க முடியாது.

இனிக் கல்லீரலுக்குள் போவோம். அங்கே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. ஆல்கஹால் முனையோடு எது வந்தாலும் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவது அதன் வேலை. எத்தனால் வந்தால் அதை அசெட்டால்டிஹைடு ஆக்கும். அடுத்த நொதி அதை அசெட்டிக் அமிலமாக்கும். அது நாம் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் உள்ள அமிலம், உடம்பு அதை எரித்துத் தண்ணீரும் கார்பன் டைஆக்சைடும் ஆக்கிவிடும். மெத்தனால் வந்தாலும் அந்த நொதி தன் வேலையைத்தான் செய்கிறது. விளைபொருள்தான் வேறு: ஃபார்மால்டிஹைடு. பிணவறையில் உடல் கெடாமல் இருக்கப் பயன்படும் ஃபார்மலின் இதன் கரைசல். சில நிமிடங்களில் அது ஃபார்மிக் அமிலமாகிறது. சில எறும்புகளின் கடியில் உள்ள அமிலம் அது. அங்கே பாதை அடைத்துக்கொள்கிறது. ஃபார்மிக் அமிலத்தை அப்புறப்படுத்த ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். மனிதக் கல்லீரலில் அது போதிய அளவு இல்லாததால் அமிலம் தேங்குகிறது. எலிக்குக் கல்லீரலில் ஃபோலேட் அதிகம், அதனால் மெத்தனால் எலியை இப்படிக் குருடாக்குவதில்லை.

தேங்கிய ஃபார்மிக் அமிலம் செல்களின் உள்ளே போய், ஆக்சிஜனை வைத்து ஆற்றல் உண்டாக்கும் கடைசிப் படியை முடக்குகிறது. நுரையீரல் இயங்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது. ஆற்றல் அதிகம் கேட்கும் இடங்கள் முதலில் அடிவாங்குகின்றன. அவற்றில் முதன்மையானது கண்ணின் பார்வை நரம்பு. ‘பனி மூடின மாதிரி இருக்கு’, ‘எல்லாம் வெள்ளையாத் தெரியுது’ என்று அவர்கள் சொல்வது போதையின் உளறல் அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருப்பதன் அறிகுறி. 10 மில்லி சுத்த மெத்தனாலே பார்வையைப் பறிக்கலாம் என்றும் 30 மில்லி உயிரைப் பறிக்கலாம் என்றும் நஞ்சியல் நூல்கள் சொல்கின்றன. 30 மில்லி என்பது மருந்து பாட்டிலின் மூடியால் சில மூடி.

மெத்தனால் தன்னளவில் அத்தனை கொடியது அல்ல. அது மாறி வரும் அமிலம்தான் கொல்கிறது, மாறுவதற்கு நேரம் எடுக்கிறது. குடித்தவுடன் லேசான போதை. பிறகு பல மணி நேரம் ஒன்றும் இருக்காது. 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, மூச்சிரைப்பு, மங்கல் பார்வை என்று வரிசையாக வரும். நல்ல சாராயத்தோடு கலந்து குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். ‘முதலில் ஒருவர் குடித்துப் பார்ப்பது’ என்ற சோதனை பயனற்றது என்று சொன்னதன் காரணம் இதுதான். முதலில் குடித்தவர் மறுநாள் காலையிலும் நன்றாகவே நடமாடுவார். அவரைப் பார்த்து நாலு பேர் குடிப்பார்கள்.

கருணாபுரத்தில் நடந்ததை இந்தக் கடிகாரத்தோடு வைத்துப் பாருங்கள். முதல் மரணங்கள் சாராயத்தால் அல்ல என்று தொடக்கத்தில் அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. அந்த மணி நேரங்களில் தெருவுக்கு ஒரு ஆட்டோவில் மைக் கட்டி, ‘நேற்றும் இன்றும் குடித்தவர்கள் எல்லாரும், உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும், உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்’ என்று ஒரு அறிவிப்பு செய்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை. ஏனென்றால் அமிலம் தேங்குவதற்கு முன் வந்துவிட்டால் மருத்துவம் உண்டு, அதுவும் கைக்கு எட்டும் மருத்துவம். முதல் மருந்து எத்தனாலேதான். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மேல் பல மடங்கு நாட்டம் அதிகம். எத்தனாலைக் கணக்காக ஏற்றிக்கொண்டே இருந்தால் நொதி அதைப் பிடித்துக்கொண்டு மெத்தனாலை விட்டுவிடும். மாறாத மெத்தனால் மெல்ல மூச்சிலும் சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறிவிடும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இதே நொதியைப் போதை இல்லாமல் அடைக்கும், அது விலை கூடியது. ரத்தத்தில் ஏறிய அமிலத்தைத் தணிக்க சோடியம் பைகார்பனேட் ஊசி, ஃபார்மிக் அமிலத்தை விரைவாக எரிக்க ஃபோலிக் அமிலம், பிறகு டயாலிசிஸ். இவற்றில் பெரும்பாலானவை அரிய மருந்துகள் அல்ல.

இதைப் படித்துவிட்டு வீட்டில் பிராந்தி ஊற்றி வைத்தியம் பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ரத்தத்தில் இருக்கும் அளவைச் சோதித்துச் சோதித்து ஏற்றும் வைத்தியம் இது. வீட்டில் செய்தால் மூச்சு நிற்கும், வாந்தி நுரையீரலுக்குள் போகும், போதையில் படுத்திருக்கிறார் என்று எண்ணி நேரமும் போகும்.

ஆல்கஹால் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததாகத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே கண்டறிந்தது. அதுவும் ஆல்கஹால் முனைகள் கொண்ட, இனிப்பான, தண்ணீரில் கரையும் தொழிற்சாலைத் திரவம். கல்லீரல் அதையும் அமிலமாக்குகிறது, அந்த அமிலம் சிறுநீரகத்தைக் கொல்கிறது. குடித்து அழிந்தார்கள் என்று கருணாபுரத்துக்காரர்களைச் சொன்னவர்கள், இந்தக் குழந்தைகளைப் பற்றி என்ன சொல்வார்கள்? மலிவான தொழிற்சாலைத் திரவம் மனிதர் குடிக்கும் பாட்டிலுக்குள் நுழைவதைத் தடுக்க வேண்டியது யார் என்பதே இரண்டு இடத்திலும் உள்ள கேள்வி.

மெத்தனாலைப் பற்றி இவ்வளவு சொன்னபின் எத்தனாலை நல்லவனாக விட்டுவிட முடியாது. அரசு முத்திரை ஒட்டிய பாட்டிலின் லேபிளை எடுத்துப் படியுங்கள்: 42.8 சதவீதம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் எத்தனால் 77 மில்லி, எடையில் ஏறக்குறைய 61 கிராம். 60 கிலோ எடையுள்ள ஒரு கூலித் தொழிலாளி இதை ஒரே மூச்சில் குடித்தால், அவர் ரத்தத்தின் ஒவ்வொரு 100 மில்லியிலும் சுமார் 150 மில்லிகிராம் சேரும். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. கல்லீரல் மணிக்கு 15 அளவில்தான் குறைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும், காப்பி குடித்தாலும் அந்த வேகம் கூடாது. இரவு 9 மணிக்குக் குடித்தவர் விடிகாலை 5 மணிக்குத்தான் சட்டத்தின் எல்லைக்கே இறங்குகிறார். முதல் ரயிலைப் பிடிக்க மொரப்பூர் ஸ்டேஷனுக்கு பைக்கில் விரைகிற பலர் தெளிந்துவிட்டதாக நம்பிக்கொண்டுதான் வண்டியை எடுக்கிறார்கள்.

உடம்பு வலிக்குக் குடிக்கிறோம் என்கிறார்கள். கரும்பு வெட்டுகிறவர், செங்கல் சுமக்கிறவர், கல் உடைக்கிறவர் சொல்லும்போது அதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. எத்தனால் வலியை மறக்கச் செய்வது உண்மை. மூளையில் காபா என்ற பொருள் பிரேக், குளுட்டமேட் ஆக்ஸிலேட்டர். எத்தனால் பிரேக்கை அழுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறது. முதலில் கூச்சம் போகிறது, பிறகு நாக்குக் குழறுகிறது, பிறகு நடை தள்ளாடுகிறது. அளவு கூடினால் மூச்சை நடத்தும் பகுதியும் அடங்கிப்போகும். குளிருக்கு இதமாக இருப்பதாகத் தோன்றுவது, தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்பின் சூடு வெளியே போவதால்தான். தெம்பு வருவதாகத் தோன்றுவதும் வெறும் தோற்றம்தான். ஒரு குவார்ட்டரில் 400 கலோரிக்கு மேல் இருக்கிறது, புரதமோ வைட்டமினோ ஒரு துளியும் இல்லை. சோற்றைத் தள்ளிவிட்டு அதைக் குடிப்பவருக்கு வைட்டமின் பி-1 வற்றிப்போகிறது. கால் எரிச்சலும் மறதியும் பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிவதும் அதன் பிறகு வருவன.

காலையில் டீக்கடையில் கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து உதட்டை அதனிடம் கொண்டுபோய்க் குடிக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், கடைக்காரர் அரை கிளாஸ்தான் ஊற்றுகிறார். அந்தக் கை நடுக்கம் ஒழுக்கக் கேடு அல்ல. பல ஆண்டுகள் பிரேக் அழுத்தப்பட்டே இருந்த மூளை, அதை ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துப் பழகிவிட்டது. ராத்திரி குடித்தது இறங்கியதும் பிரேக் விடுபடுகிறது, மிதித்த கால் அப்படியே இருக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு. இந்த நிலைக்கு வந்தவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிரும் போகலாம். ‘சாமிக்குச் சத்தியம் பண்ணிட்டு விட்டாரு, அதுலயே போயிட்டாரு’ என்று சொல்லப்படும் சாவுகளுக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. விட வேண்டும் என்று முடிவெடுத்தவருக்குத்தான் மருத்துவர் அவசரமாகத் தேவை என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியும்?

கல்லீரலின் கதை நீளமானது. எத்தனாலை எரிக்கும் வேலையில் மூழ்கிய கல்லீரல் கொழுப்பை எரிக்க மறக்கிறது, கொழுப்பு அங்கேயே படிகிறது. இந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். அதற்கு வலி இருக்காது, அதனால் தெரியாது. தெரியும்போது அழற்சி வந்து மஞ்சள் காமாலையாகியிருக்கும், அல்லது தழும்பேறிச் சுருங்கி வயிற்றில் நீர் கோத்து ரத்த வாந்தி எடுக்கும் நிலையாகியிருக்கும். நடுவில் உருவாகும் அசெட்டால்டிஹைடு மரபணுவையே காயப்படுத்துகிறது. மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது.

2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டு அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இந்தத் தொகையைக் காட்டி ‘கடையை மூடு’ என்று சொல்வது எளிது. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் மூடிய கடைக்கு வெளியே என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, தொழிற்சாலை எரிசாராயத்தை யாரும் குடித்துவிடாமல் இருக்க அரசே அதில் மெத்தனால் கலக்க வைத்தது. மக்கள் அதையும் குடித்தார்கள், இறந்தார்கள். நியூயார்க் நகரின் தலைமைப் பிணக்கூறாய்வாளர் சார்லஸ் நாரிஸ் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 2020 ஊரடங்கில் கடைகள் மூடியபோது ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டம் குறிச்சேடுவில் சானிடைசரைக் குடித்து இறந்தவர்களும் நடுக்கத்துக்கு வேறு வழியில்லாதவர்களே. கடையைக் குறைக்க வேண்டும், படிப்படியாக மூட வேண்டும். அதற்கு முன்னும் அதோடு சேர்ந்தும் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன, அவற்றை எந்த அரசும் செய்யவில்லை. கருணாபுரத்துக்குப் பின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க வழி செய்தார்கள். விசாரணை ஆணையம் வந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. தண்டனை வேண்டியதுதான். ஆனால் மெத்தனாலுக்கு 1959-லிருந்தே நம் மாநிலத்தில் தனி விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு லிட்டருக்கும் வந்தது, போனது, மிச்சம் என்று கணக்கு இருந்து, அதை நேரில் போய் அளக்கிற அதிகாரி இருந்தால், ஆயுள் தண்டனை கொடுக்க வேண்டிய நிலையே வராது.

மொரப்பூர் ஒன்றியத்தில் நாளைக்கே செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும், ரேஷன் கடையிலும், டாஸ்மாக் கடையின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும்: குடித்த மறுநாள் கண் மங்கினால், வயிறு பிசைந்தால், மூச்சு வாங்கினால் 108-ஐ அழைக்கவும். உடன் குடித்தவர்கள் அத்தனை பேரும் வரவும். மிச்சத்தைக் கீழே ஊற்றாமல் பாட்டிலோடு கொண்டுவரவும். சிகிச்சைக்கு வருகிறவர் மீது வழக்கு இல்லை. இந்தக் கடைசி வரி மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கையெழுத்திட்ட உறுதியாக இருக்க வேண்டும். போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். மங்கலான பார்வையை முதலில் கேள்விப்படுகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் கால் மணி நேரம் இதைச் சொன்னால் போதும்.

அரூர் போன்ற தாலுகா மருத்துவமனைகளில் பைகார்பனேட்டும் ஃபோலிக் அமிலமும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். மெத்தனால் என்று சந்தேகம் வந்த நிமிடமே அங்கேயே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டுத்தான் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கோ சேலத்துக்கோ அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸில் கழியும் நேரமும் அமிலம் தேங்கும் நேரம்தான். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் எத்தனால் பாடம் நடத்தும் நாளில் மெத்தனாலையும் கரும்பலகையில் பக்கத்தில் எழுதி, ஒரு கார்பன் வித்தியாசம் கல்லீரலில் என்ன செய்கிறது என்று காட்டலாம். தேர்வில் வராவிட்டாலும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும்.

குடியை விட நினைக்கிறவருக்கு அதே தாலுகா மருத்துவமனையில் படுக்கை வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரை, தயமின் ஊசி, முதல் ஒரு வாரம் கவனிப்பு, பிறகு அவர் மாதம் ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போக ஒரு மனநல மருத்துவர். காலை பத்து மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும், அவர் வரமாட்டார். வேலை முடிந்து பஸ் ஏறி வரக்கூடிய மாலை நேரத்தில் அந்த மருத்துவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது.